ரயில் பசங்களும் பஸ் பசங்களும்

கேட்டை அறைந்து சாத்தியபோது அந்த முதலாண்டு மாணவனின் விரல்கள் இடுக்கில் இருந்தன. நான் உள்ளே, வேப்பமரத்தடியில் நின்றிருந்தேன். அவன் முதலில் கத்தவே இல்லை. கையை இழுத்துப் பார்த்தான், வரவில்லை. கேட்டின் இந்தப் பக்கம் தள்ளிக்கொண்டிருந்தவர்களுக்கு அது தெரியவில்லை, அல்லது தெரிந்தும் தள்ளினார்கள். பிறகுதான் அந்தச் சத்தம் வந்தது. வாட்ச்மேன் ஓடிவந்து தாழ்ப்பாளை நீக்கியபோது இரண்டு விரல்கள் நசுங்கி, நகம் எது சதை எது என்று தெரியாமல் இருந்தன.

அடுத்த கணம் கல் பறந்தது.

எழுபதுகளின் தொடக்கம் அது. தண்டையார்பேட்டைக்கு வடக்கே, ஒரு பழைய சணல் கிடங்கைச் சுற்றி எழும்பிய கல்லூரி எங்களுடையது. வருடா வருடம் புதிய பாடப் பிரிவு வரும், புதிய மாணவர்கள் வருவார்கள், கட்டிடம் மட்டும் வராது. ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட கொட்டகைகளில் வகுப்பு நடக்கும். சித்திரை வெயில் வேண்டியதில்லை, தை மாதத்திலேயே உள்ளே வேகும். பக்கத்தில் நிலக்கரி கொட்டும் மைதானம். காற்று திரும்பினால் கரும்பலகையை விட எங்கள் சட்டைக் காலர் கறுப்பாக இருக்கும். ஹாஸ்டல் கிடையாது. அந்தக் கல்லூரியில் படித்தவர்களில் ஒருவர்கூட அங்கே ஒரு ராத்திரி தூங்கியதில்லை. எல்லோரும் வருவோம், போவோம்.

வருவதற்கு இரண்டு வழி இருந்தது. எண்ணூர், மீஞ்சூர், பொன்னேரிப் பக்கத்து மாணவர்கள் பாசஞ்சர் ரயிலில் வருவார்கள். ராயபுரம், கல்மண்டபம், டோல்கேட் பக்கத்தவர்கள் பஸ்ஸில். ரயில் பசங்க, பஸ் பசங்க என்றுதான் பேச்சு. துறைமுகத்துக்குப் போகும் சரக்கு வண்டிக்கு வழிவிடுவதற்காகப் பாசஞ்சரை சிக்னலில் நிறுத்திவிடுவார்கள். வெயிலில் வண்டி நிற்கும்போது கல்லூரி மணி அடிப்பது ரயிலிலேயே கேட்கும் என்று என் நண்பன் சொல்வான். இறங்கி தண்டவாளத்தின் ஓரமாகவே ஓடிவருவார்கள். வந்து பார்த்தால் கேட் சாத்தியிருக்கும்.

ஒன்பதரைக்குக் கேட்டைச் சாத்துவது என்று முடிவு செய்தது முதல்வரும் மாணவர் பேரவையும். பேரவை முழுக்க பஸ் பசங்க. மாலை நான்கு மணி வண்டியை விட்டால் ரயில் பசங்களுக்கு ஏழு மணிக்குத்தான் அடுத்தது. அதனால் அவர்கள் கூட்டத்துக்கும் நிற்க மாட்டார்கள், தேர்தலுக்கும் நிற்க மாட்டார்கள், நாடகத்திலும் சேர மாட்டார்கள். சாயங்காலம் ஆனால் கல்லூரி முழுவதும் பஸ் பசங்களுடையதாக இருந்தது.

நான் பஸ் பையன். வீடு ராயபுரத்தில், மாதா கோயிலுக்குப் பின்சந்தில். அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டினார். ஆனால் வரலாற்று வகுப்பில் என் பெஞ்சில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவன் ரயில் பையன். எண்ணூருக்கு அருகே ஒரு மீனவர் குப்பத்திலிருந்து வந்தவன். விடுமுறையில் அப்பாவோடு கடலுக்குப் போவான். உள்ளங்கையில் கயிறு அறுத்த தழும்புகள் குறுக்கும் நெடுக்குமாக இருக்கும். அந்தக் குப்பத்தில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் அவன். டிபன் பாக்ஸைத் திறந்தால் கருவாட்டு வாசனை வரும். யாராவது மூக்கைப் பொத்தினால் அன்றைக்கு அடிதடிதான். ஒருநாள் ஒருவன் "கலீஜ்" என்று சொல்லிவிட்டான். நண்பன் கையைக் கழுவிக்கொண்டு வந்து, நிதானமாக, அவனுடைய முகத்தைப் பெஞ்சில் இடித்தான். பல் உடைந்தது. அதன் பிறகு எங்களுடைய பெஞ்சுப் பக்கம் யாரும் மூக்கைப் பிடிக்கவில்லை.

அடிதடி எங்களுக்குப் புதிதல்ல என்பதற்காக இதைச் சொல்கிறேன். பெஞ்சில் இடம் பிடிப்பதற்கு அடி. குடிநீர்க் குழாயில் அடி. புதிதாகச் சேர்த்த பிரிவுகளால் ஒரு பெஞ்சில் மூன்று பேர் இருந்த இடத்தில் ஐந்து பேர் நெருக்கிக்கொண்டோம். தாமதமாக வருகிற ரயில் பையன் நின்றுகொண்டே பாடம் கேட்க வேண்டும். காம்பஸ் முனையால் தொடையில் குத்தி இடம் வாங்கியவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஆனாலும் விரல் நசுங்கிய அந்தக் காலைதான் எல்லாவற்றையும் வேறாக்கியது.

தண்டவாளத்து ஜல்லியைச் சட்டையில் கட்டிக்கொண்டு வந்து வீசினார்கள். அலுவலகத்து ஜன்னல் ஒன்று மிஞ்சவில்லை. உடற்பயிற்சி ஆசிரியர் பிரம்போடு கேட்டுக்குப் போனார். காது மடல் கிழிந்து, தோள் முழுக்க ரத்தத்தோடு திரும்பினார். என் நண்பனும் கல் வீசினான். அவன் குறி தப்பாது. கேட்டுக்கு மேலே தலை தெரிந்த ஒவ்வொருவரையும் பார்த்து வீசினான். நான் மரத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு அதைப் பார்த்தேன். எங்கள் வகுப்பு மாணவி ஒருத்தி நூலக வராந்தாவில், ஓடாமல், தூணோடு ஒட்டி நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவளைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதற்கு முந்தைய ஆண்டுதான் பெண்களையும் சேர்க்க ஆரம்பித்திருந்தார்கள். விரல் விட்டு எண்ணலாம். அவர்களுக்கென்று அறை கிடையாது, கழிப்பறைகூட ஆசிரியர்களுடையதுதான், சாவி கேட்டு வாங்க வேண்டும். வகுப்புக்கும் வகுப்புக்கும் நடுவில் நூலக வராந்தாவில் நிற்பார்கள், மத்தியானச் சாப்பாட்டையும் நின்றுகொண்டே சாப்பிடுவார்கள். இவள் திருவொற்றியூரிலிருந்து பஸ்ஸில் வந்தாள். அப்பா ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. ஒல்லியாக, கண்ணாடி போட்டுக்கொண்டு, யாரிடமும் பேசாமல் இருப்பாள். கேள்வி கேட்டால் மட்டும் எழுந்து பதில் சொல்வாள். அதுவும் முழு வாக்கியமாகச் சொல்வாள்.

கல்லூரியைச் சில நாள் மூடிவிட்டுத் திறந்தார்கள். போலீஸ் வண்டி ஒன்று வெளியே நின்றது. எங்கள் தமிழ்ப் பேராசிரியருக்கு ஒரு யோசனை தோன்றியது. மாணவர்கள் மனத்தில் இருப்பதைப் பேசவிட்டால் கையை ஓங்க மாட்டார்கள் என்று அவர் நம்பினார். நல்ல மனிதர். சனிக்கிழமை பிற்பகல் பெரிய கொட்டகையில் எல்லோரும் கூடலாம், கல்லூரியைப் பற்றி யார் வேண்டுமானாலும் மேடையேறிக் கருத்துச் சொல்லலாம், சொன்னதற்காக யார்மீதும் நடவடிக்கை கிடையாது என்று முதல்வரைச் சம்மதிக்க வைத்தார். நல்ல கருத்துகளைக் கல்லூரி ஆண்டு மலரில் அச்சிடுவதாகவும் சொன்னார். ரயில் பசங்களுக்காக மூன்று மணிக்கே முடித்துவிடுவது என்று ஏற்பாடு.

கொட்டகை நிரம்பி வழிந்தது. இடது பக்கம் ரயில், வலது பக்கம் பஸ், யாரும் சொல்லாமலே பிரிந்து உட்கார்ந்தார்கள். நான் நண்பனோடு இடது பக்கம் உட்கார்ந்தேன். வலது பக்கத்திலிருந்து என்னை ஒருவன் பேர் சொல்லிக் கூப்பிட்டு, இங்கே வா என்று கை காட்டினான். நான் போகவில்லை.

முதலில் எல்லாம் சிரிப்பாகத்தான் போனது. ஒருவன் வந்து கழிப்பறையைப் பற்றிப் பேசினான். காட்டுக்குப் போவதே மேல் என்றான். இன்னொருவன், இயற்பியல் கூடத்தில் தராசு இருக்கிறது, எடைக்கல் இல்லை என்றான். கேன்டீன் வடையைப் பற்றி ஒருவன் நடித்தே காட்டினான். முதல்வரும் சிரித்தார். இது கல்லூரியா பஸ் ஸ்டாண்டா என்று ஒருவன் கேட்டபோது இரண்டு பக்கமும் கை தட்டின. மாநகரத்தின் மற்றக் கல்லூரிகளில் மரம் இருக்கிறது, மைதானம் இருக்கிறது, சாயங்காலம் உட்கார்ந்து பேச ஓர் இடம் இருக்கிறது, இங்கே மணி அடித்தால் வெளியே துரத்துகிறார்கள் என்று அவன் சொன்னான். அது எல்லோருக்கும் பொதுவான வலி.

அப்புறம் அவள் எழுந்தாள். பெண் ஒருத்தி மேடைக்குப் போகிறாள் என்றதும் விசில் பறந்தது. அவள் விசில் அடங்கும்வரை காத்திருந்தாள். பிறகு, தான் காலை ஏழரைக்கு வீட்டை விட்டுக் கிளம்புவதாகவும், மாலை திரும்பும்வரை வகுப்பறை பெஞ்சைத் தவிர உட்கார ஓர் இடம் இந்தக் கல்லூரியில் தனக்கு இல்லை என்றும் சொன்னாள்.

"வெளியே நிறுத்தறது கேட்டுக்கு அந்தப் பக்கம் மட்டும் நடக்கல. உள்ளே விட்டுட்டும் நிக்க வைக்கலாம். நாங்க நின்னுட்டுத்தான் இருக்கோம். ஆனா அதுக்காக யார் தலையையும் நாங்க உடைக்கல."

அவ்வளவுதான் பேசினாள். இறங்கும்போது இரண்டு பக்கமும் கை தட்டவில்லை.

அடுத்தது என் நண்பன். அவன் போவான் என்று எனக்குத் தெரியாது. மேடையில் ஏறியதும் முதல்வரைப் பார்க்கவில்லை, வலது பக்கத்தை நேராகப் பார்த்தான். பேரவைச் செயலாளர் முதல் வரிசையில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தான். தண்டையார்பேட்டைக்காரன். இறுதியாண்டு, அதில் இரண்டாம் முறை. துறைமுகத்தில் மூட்டை தூக்கும் கும்பல் ஒன்று அவன் சொன்னால் கேட்கும் என்று பேச்சு. அவனைப் பார்த்து எழுந்து நிற்காத வாத்தியார்கள் குறைவு.

நண்பன் சொன்னான்: "கேட்ட சாத்தச் சொன்னது பிரின்சிபால் சாரு. சாத்தற வேலை வாட்ச்மேனுது. அன்னிக்கு வாட்ச்மேன் தொறந்து வுடத்தான் பார்த்தாரு. அவர புடிச்சி தள்ளிட்டு ஒதைச்சி சாத்தினது யாருன்னு அல்லாருக்கும் தெரியும். சொல்ல மட்டும் ஒருத்தனுக்கும் தில்லு இல்ல. நான் சொல்றேன்." கையை நீட்டினான். "அதோ குந்திகினு கீறாரே, அவருதான்."

செயலாளர் எழுந்திருக்கவில்லை. சிரித்தான். அவனுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்தார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததை வரிசையாகச் சொல்ல என்னால் முடியாது. ஒரு பெஞ்சு கொட்டகையின் குறுக்கே பறந்து வந்தது. அது விழுந்த இடத்தில் ஒருவன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உருண்டான். மேஜைக் கால்களைப் பிடுங்கினார்கள். மைக் கம்பத்தால் ஒருவன் சுழற்றி அடித்தான். தமிழ்ப் பேராசிரியர் இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு நடுவில் வந்தார். அவருடைய கண்ணாடி உடைந்து, புருவத்தில் கீறி, அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். அவரை இழுத்து மேடைக்கு அடியில் தள்ளியது அவளும் இன்னொரு பெண்ணும். ஆஸ்பெஸ்டாஸ் கூரையில் கல் விழுந்து ஓட்டை வழியே வெயில் கத்தியாக இறங்கியது. போலீஸ் உள்ளே வந்து யார் எவர் என்று பார்க்காமல் லத்தியால் வெளுத்தது. முட்டிக்குக் கீழே, முதுகில், ஓடுகிறவனின் பின்னங்கழுத்தில் அடி விழுந்தது. என் நண்பனை ரயில் பசங்க சுவர் ஏறிக் குதிக்கவைத்து இழுத்துப் போனார்கள். நானும் குதித்தேன்.

நான் வீட்டுக்குப் போயிருக்கலாம். பஸ் நிறுத்தம் அந்தப் பக்கம், ரயில் நிலையம் இந்தப் பக்கம். அவன் மூக்கிலிருந்து ரத்தம் வழிய நடந்துகொண்டிருந்தான். அவனைத் தனியாக விட எனக்கு மனம் வரவில்லை.

"நீ ஏன்டா வர்ற? பஸ்ஸுக்கு போ" என்றான்.

"வண்டி ஏத்திவுட்டுட்டுப் போறேன்" என்றேன்.

நான்கு மணி வண்டி அன்றைக்கு நேரத்துக்கு வந்தது. எப்போதும் தாமதமாக வரும் அது அன்று ஏன் நேரத்துக்கு வந்தது என்று பின்னால் பலமுறை நினைத்திருக்கிறேன். தாமதமாகியிருந்தால் பிளாட்பாரத்தில் காத்திருந்த ரயில் பசங்க அத்தனை பேரும் ஒன்றாக நின்றிருப்பார்கள். வண்டி வந்ததால் ஆளுக்கொரு பெட்டியில் ஏறினார்கள். நண்பன் ஏறி வாசல் கம்பியைப் பிடித்து நின்று என்னைப் பார்த்துக் கையசைத்தபோது, பிளாட்பாரத்தின் அடுத்த கோடியிலிருந்து செயலாளரின் ஆட்கள் ஓடி வந்தார்கள். மாணவர்கள் சிலர், மாணவர்கள் அல்லாதவர்கள் சிலர். ஒருவன் கையில் சைக்கிள் செயின் சுற்றியிருந்தது. ஒருவன் கையில் மூட்டை தூக்கும் கொக்கி. எங்கள் அப்பா வேலை செய்யும் இடத்தில் கூலிகள் இடுப்பில் செருகியிருப்பார்களே, அது. மரப்பிடி போட்ட வளைந்த இரும்பு.

செயின் முதலில் என் மணிக்கட்டில் விழுந்தது. எலும்பு முறிந்த சத்தத்தை நான் கேட்டேன், வலி அதற்குப் பின்னால் வந்தது. கீழே விழுந்து கிடந்து அண்ணாந்து பார்த்தேன். கொக்கி நண்பனின் தோளுக்குக் கீழே, நெஞ்சும் கையும் சேரும் இடத்தில் இறங்கியது. மூட்டையை இழுப்பது போலவே அவனை வண்டியிலிருந்து இழுத்தார்கள். அவன் கம்பியை விடவில்லை. இழுத்தவன் ஒரு பக்கம், கம்பியை விடாத அவன் ஒரு பக்கம், நடுவில் அவனுடைய தோள். வண்டி நகர ஆரம்பித்தது. பெட்டிக்குள் இருந்த ஒரு மீன்காரம்மா கூடையைத் தூக்கி அந்த ஆளின் முகத்தில் எறிந்தாள். கொக்கி கழன்றது. நண்பன் சரிந்து பிளாட்பாரத்தில் என் பக்கத்தில் விழுந்தான். வண்டி போய்விட்டது. அவர்களும் போய்விட்டார்கள். அவனுடைய ரத்தம் சூடாக என் சட்டைக்குள் ஓடியது மட்டும் நினைவிருக்கிறது.

ஸ்டேஷன் மாஸ்டர் ஒரு குதிரை வண்டியைப் பிடித்துக் கொடுத்தார். ராயபுரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் எங்கள் இருவரையும் சேர்த்தார்கள். எனக்குக் கட்டுப் போட்டு அன்றைக்கே அனுப்பிவிட்டார்கள். என் அம்மா கட்டைப் பார்த்து "சேசுவே" என்று நெஞ்சில் கை வைத்தாள். கொக்கி என்று நான் சொன்னபோது அப்பா தலையைத் திருப்பிக்கொண்டார்.

திங்கட்கிழமை காலை நண்பனைப் பார்க்கப் போனேன். கட்டிலைச் சுற்றி அவன் குப்பத்து ஆட்கள் நின்றிருந்தார்கள். அப்பா, பெரியப்பா, சித்தப்பா மகன்கள். அப்பா ஓரமாகச் சுவரில் சாய்ந்து நின்றார், மகன் கையைத் தூக்க முடியாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். கை தூக்க முடியாதவன் வலை இழுக்க முடியாது. சித்தப்பா மகன்களில் மூத்தவன் என்னிடம், அந்தக் காலேஜுப் பசங்க எந்த பஸ்ஸில் வருவார்கள் என்று கேட்டான். நான் தெரியாது என்றேன். நண்பன் கண்ணைத் திறந்துகொண்டுதான் கிடந்தான். அவர்கள் பேசியதெல்லாம் அவன் காதில் விழுந்தது. வெளியே லாரி நின்றிருந்தது. அதில் உடைந்த துடுப்புகளும் இரும்புக் கம்பிகளும் கிடந்தன. அவர்கள் ஏறிப் போனார்கள்.

தமிழ்ப் பேராசிரியரிடம் சொல்ல வேண்டும் என்று நான் பஸ் பிடித்தேன். கட்டுப் போட்ட கையோடு கூட்டத்தில் ஏற முடியாமல் இரண்டு பஸ்ஸை விட்டேன். இறங்கும்போதே நெடுஞ்சாலையில் கூட்டம் தெரிந்தது. சாலையின் எதிர்ப்பக்கத்தில், வடக்கிலிருந்து வந்த பஸ் ஒன்று குறுக்கே நின்றிருந்தது. ஒரு கண்ணாடிகூட இல்லை. டிரைவர் படியில் உட்கார்ந்து தலையில் துண்டை அழுத்திப் பிடித்திருந்தார். துண்டு சிவப்பாக இருந்தது. அந்த பஸ்ஸில் குப்பத்து ஆட்கள் தேடிவந்த யாருமில்லை. பேரவைக்காரர்கள் வருவது தெற்கிலிருந்து. இது திருவொற்றியூர் பஸ். தொழிற்சாலை ஷிப்ட் முடிந்து வந்தவர்கள், காய்கறிக் கூடைக்காரிகள், ஒரு கைக்குழந்தைக்காரி, அப்புறம் அவள்.

அவளைச் சாலையோரம் உட்கார வைத்திருந்தார்கள். நெற்றியிலிருந்து கன்னம்வரை கண்ணாடிச் சில் இழுத்திருந்தது. மூக்குக்கண்ணாடி இல்லாததால் அவளுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. தாவணியின் முனையால் இன்னொருத்தியின் குழந்தைக்கு முகம் துடைத்துக்கொண்டிருந்தாள். குழந்தைக்கு அடிபடவில்லை, அவளுடைய ரத்தம்தான் அதன்மேல் சொட்டியிருந்தது.

விசாரணை வைத்தார்கள். முதல்வரின் அறையில் முதல்வர், இரண்டு துறைத் தலைவர்கள், புருவத்தில் பிளாஸ்திரியோடு தமிழ்ப் பேராசிரியர். ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்கள். நாங்கள் வராந்தாவில் வரிசையாக நின்றோம். கதவு திறந்தே இருந்தது, உள்ளே பேசுவது வெளியே கேட்டது. கேட்கட்டும் என்றுதான் செயலாளரின் ஆட்கள் அதைத் திறந்து வைத்திருந்தார்கள். உள்ளே போனவர்கள் எல்லோரும் ஒரே பதில் சொன்னார்கள். நான் அங்கே இல்லை சார். நான் பார்க்கவில்லை சார். கூட்டத்தில் தெரியவில்லை சார். மேடையில் வாய் கிழியப் பேசியவர்களும் அதையேதான் சொன்னார்கள். ரயில் பசங்களும் அப்படியே. அவர்களுக்குச் செயலாளர்மீது பயம், குப்பத்து ஆட்களைக் காட்டிக்கொடுக்கவும் மனமில்லை.

அவள் தலைக் கட்டோடு உள்ளே போனாள். முதல்வர் அவளைப் பேர் சொல்லி, உட்காரம்மா என்றார். அவள் உட்காரவில்லை.

"கேட்டைச் சாத்தினது பேரவைச் செயலாளர் சார். வாட்ச்மேனைத் தள்ளிட்டுக் காலால ஒதைச்சார். நான் வராந்தாவில இருந்து பார்த்தேன். அந்தப் பையனோட விரல் இடுக்கில இருந்தது அவருக்குத் தெரியும். குனிஞ்சு பார்த்துட்டுத்தான் ரெண்டாவது தரம் ஒதைச்சார்."

அறையில் யாரோ நாற்காலியை நகர்த்தினார்கள். நிச்சயமாகத் தெரியுமா என்று முதல்வர் கேட்டார். தெரியும் என்றாள். பிறகு தொடர்ந்தாள்.

"பஸ்ஸை உடைச்சவங்களையும் பார்த்தேன். எங்க வகுப்புல படிக்கிறவரோட சொந்தக்காரங்க. ஆஸ்பத்திரில கிடக்கிறாரே, அவரோடவங்க. இந்தக் காலேஜ் பசங்க யாருமே பஸ்ஸில இல்லன்னு கண்டக்டர் கும்பிட்டுச் சொன்னார். அப்புறமும் அடிச்சாங்க."

வராந்தாவில் என் இரண்டு பக்கமும் இருந்தவர்கள் ஒரே மாதிரி உறுமினார்கள். அந்த வாரம் ரயிலும் பஸ்ஸும் ஒத்துப்போனது அந்த ஒரு விஷயத்தில்தான். அவள் வெளியே வந்தபோது யாரோ காறித் துப்பினார்கள். அவள் பாதத்துக்கு முன்னால் விழுந்தது. அதைச் சுற்றிக்கொண்டு நடந்துபோனாள்.

அடுத்து என்னைக் கூப்பிட்டார்கள். உள்ளே போகும்வரை என்ன சொல்வது என்று நான் தீர்மானிக்கவில்லை. செயலாளரின் ஆள் ஒருவன் வாசலில் வைத்து, "உங்க நைனா ஹார்பர்லதான கீறாரு" என்று மெதுவாகக் கேட்டான். ஆனால் அவள் சொல்லிவிட்டுப் போன அறையில் நின்றுகொண்டு வேறு எதுவும் சொல்ல வாய் வரவில்லை. ஸ்டேஷனில் பார்த்த மாணவர்களின் பெயர்களைச் சொன்னேன். லாரியையும் சொன்னேன்.

இரண்டு வாரம் கழித்துக் கல்மண்டபம் அருகே என்னைப் பிடித்து அடித்தார்கள். கட்டுப் போட்ட கையை விட்டுவிட்டு மற்ற இடங்களில் அடித்தார்கள், அதற்கு நன்றி சொல்ல வேண்டும். அப்பாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவளை யாரும் தொடவில்லை. ஆனால் வகுப்பில் அவள் இடத்தில் சாணி இருந்தது. கரும்பலகையில் அவளைப் பற்றி எழுதியிருந்தார்கள். அவளுடைய அப்பா சீருடையோடு வந்து, டி.சி. வாங்கிக்கொண்டு போகலாம் என்று வராந்தாவிலேயே அவளிடம் மன்றாடினார். அவள் தலையை அசைத்துக்கொண்டே இருந்தாள். அவர் தனியாகத் திரும்பிப் போனார்.

செயலாளரை நீக்கினார்கள். அவன் துறைமுகத்திலேயே மேஸ்திரியாகி நன்றாகத்தான் இருந்தான். நண்பனின் சித்தப்பா மகன்கள் சிறைக்குப் போனார்கள். நண்பனையும் கல் வீசியதற்காக ஓராண்டு இடைநீக்கம் செய்தார்கள். கேட் சாத்தும் நேரத்தைப் பத்தாக மாற்றினார்கள். பெண்களுக்கு ஒரு சாமான் அறையைக் காலி செய்து கொடுத்தார்கள். ஆண்டு மலர் வந்தது. அதில் மாணவர் கருத்து என்று ஒரு வரிகூட இல்லை. நிர்வாகிகளின் படங்களும், உழைப்பைப் பற்றி ஒரு கட்டுரையும் இருந்தன. தமிழ்ப் பேராசிரியர் அதை எங்களுக்குக் கொடுக்கும்போது எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை.

அடுத்த ஆண்டு நண்பன் திரும்பி வந்தான். எங்களுக்கு இறுதியாண்டு, அவன் ஒரு வகுப்பு கீழே. இடது கை தோளுக்கு மேலே போகாது. வந்த முதல் நாள் இடைவேளையில், என்னையும் அழைத்துக்கொண்டு நேராக நூலக வராந்தாவுக்குப் போனான். அவள் அங்கே நின்றிருந்தாள். தழும்பு இன்னும் சிவப்பாக இருந்தது. அவன் அவளிடமிருந்து கொஞ்சம் தள்ளி நின்று, தரையைப் பார்த்துப் பேசினான். சண்டையில்கூட அவன் தரையைப் பார்த்து நான் கண்டதில்லை.

"பஸ்ஸ ஒடைங்கன்னு நான் சொல்லலம்மா. ஆனா அவனுங்க பேசிகினது அல்லாத்தையும் கேட்டுகினுதான் கெடந்தேன். வோணாம்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம். சொல்லல."

கை எப்படி இருக்கிறது என்று அவள் கேட்டாள். தூக்க வராது என்றான்.

"எனக்குக் கோபம் போகல," என்றாள் அவள். "போகணும்னு நீங்க எதிர்பார்க்காதீங்க. ஆனா வந்து சொன்னீங்களே, அது நல்லது."

அவன் தலையாட்டினான். அதற்குமேல் அவர்கள் பேசிக்கொள்ளவில்லை. அந்த ஆண்டு முழுவதும் எதிரெதிரே வந்தால் ஒதுங்கி வழி விடுவார்கள், அவ்வளவுதான்.

அவன் படிப்பை முடித்தான். ஒரு பாடத்தில் தோற்று மறுபடி எழுதித் தேறினான். கடலுக்குப் போக முடியாததால் அனல்மின் நிலையத்தில் எழுத்தர் வேலைக்குப் போனான். அவள் பி.எட். படித்து ஓர் ஆண்கள் பள்ளியில் ஆசிரியையானாள். அங்கே வகுப்பில் கை ஓங்குகிற எவனும் அவள் வாயால் ஒரு வாக்கியம் கேட்டுவிட்டுத்தான் உட்காருவான் என்று அவளிடம் படித்த என் அக்கா மகன் சொன்னான். எங்களுக்குப் பிறகும் அந்தக் கல்லூரியில் அடிதடி நிற்கவில்லை. காரணங்கள் மாறின. இரண்டு ஆண்டு கழித்து ஒருவன் ஓடும் ரயிலிலிருந்து தள்ளப்பட்டுச் செத்தான். அந்த விசாரணையில் பார்த்தேன் என்று சொல்ல யாரும் இல்லை என்று கேள்விப்பட்டேன்.